பதினேழாம் படியில் ஒரு முகடர்

நிஷாந்தினி படைத்த முகடர்களுக்குச் சிறகு உண்டு. ஆனால் முப்பது அடி ஓடினால் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவார்கள்.

அம்பிட்டியாவில் ஒரு மருந்துக் கடையின் மாடி. அங்கேதான் அவளும் முஸ்அப்பும் அந்தக் கணினி விளையாட்டைச் செய்துகொண்டிருந்தார்கள். அதில் நான்கு இனங்கள். மூன்று அவன் கற்பனை. மலை உச்சியில் வாழும் முகடர் மட்டும் விலங்கியல் படித்த இவளுடையது.

பன்னிரண்டு பேர் விளையாடிப் பார்த்ததில் பதினொரு பேருக்கு முகடரைப் பிடிக்கவில்லை.

"எங்கட தங்கச்சி ஆஸிகா என்ன செல்றா தெரியுமா?" என்றான் முஸ்அப். "சண்டைக்கு வந்த எடத்துல, பென்ஷன் எடுக்க வந்த மாதிரி குந்திக்கிட்டு இருக்குதாம்."

நிஷாந்தினிக்குச் சிரிப்பு வந்தது. விட்டுக்கொடுக்கத்தான் மனமில்லை. "அந்தச் சிறகை அடிக்க எவ்வளவு பெரிய நெஞ்சு வேணும்? அதுக்கு எவ்வளவு ரத்தம் வேணும்? உட்காராம ஓடுனா செத்துப் போகுங்க."

"நான் செஞ்ச பாம்பு நெருப்புக் கக்குது. அதுக்கு நாக்கு சுட்டுச்சா? விளையாட்டு நிஷா இது, ஆஸ்பத்திரி இல்ல."

மறுநாள் காலை கொழும்பிலிருந்து கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். அவர்கள் சரி என்றால்தான் விளையாட்டு வெளியே வரும். கடைசியில் "எடுத்திருங்க" என்று சொல்லிவிட்டாள். உட்காரவைக்கும் நிரல் வரிகளையெல்லாம் அவன் அழித்தான்.

அவளுடைய பிடிவாதத்துக்குப் படிப்பு மட்டும் காரணமில்லை, பிள்ளைகளா. அவள் அவனிடம் சொல்லாததை நான் உங்களிடம் சொல்கிறேன்.

ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்தில் அவள் குடும்பம் குடியிருந்த லயத்திலிருந்து ரோட்டுக்கு ஏற நாற்பத்தொரு படி. அங்கே ஒரு வழக்கம். கொழுந்துக் கூடையோடு ஏறுகிறவள் களைத்து உட்கார்ந்தால், பின்னால் வருகிறவள் தாண்டிப் போக மாட்டாள். கூடையை இறக்கி அவளும் உட்காருவாள். அடுத்தவளும் அப்படித்தான். மேலே கணக்கப்பிள்ளை கத்தினாலும் சரி.

நிஷாந்தினியின் தங்கை டிலானிக்கு இதயத்தில் ஓட்டை. நிஷாந்தினிக்கு உயர்தரப் பரீட்சையின் முதல் நாள், பதினேழாம் படியில் டிலானி உட்கார்ந்தாள். "நீ போக்கா, வர்றேன்." மேலே பஸ் ஹார்ன் அடித்தது. நிஷாந்தினி வெள்ளைச் சீருடையை ஒதுக்கிக்கொண்டு தாண்டிப் போனாள். டிலானி அந்தப் படியை விட்டு எழும்பவேயில்லை.

வரிகளை அழித்த அன்று பின்னேரம் ஜன்னலில் பனி வந்து ஒட்டிக்கொண்டது. நிஷாந்தினி விளையாட்டை ஓடவிட்டாள். உச்சிக்குப் போகும் மலைப் படிகளில் ஏழு முகடர்கள் ஏறின. ஒன்று உட்கார்ந்தது. மற்ற ஆறும் அதைத் தாண்டிப் போயின.

"முஸ்அப், இன்னும் ஏதோ வரி மிச்சமிருக்கு."

"வல்லாஹி, ஒண்டும் மிச்சமில்ல." அவன் தன் கணினியில் ஓடவிட்டான். ஏழும் ஏறின. இவளுடையதில் மறுபடியும் ஒன்று உட்கார்ந்தது. அவள் படிகளை எண்ணிப் பார்த்தாள். பதினேழு.

அப்போதுதான் அவனிடம் எல்லாம் சொன்னாள். அவன் கதிரையை அவள் பக்கம் திருப்பினான்.

"நீங்க தாண்டிப் போனீங்களா?"

"போனேன்."

இரண்டு பேரும் புதிதாக ஒரு விதி எழுதினார்கள். உட்கார்ந்த முகடரை யாராலும் தாண்ட முடியாது. பக்கத்தில் உட்கார்ந்தால் மூச்சு ஒன்றாக நிறையும். எழும்பும்போது எல்லோருக்கும் இரட்டிப்புப் பலம். ஆஸிகாவைக் கூப்பிட்டு விளையாடச் சொன்னார்கள்.

"இப்ப நானே வேணுமெண்டு குந்த வைக்கிறேன்," என்றாள் அவள். "எதிரி கிட்ட வந்தோடன எழும்பி விடுறேன் பாருங்க." ஒரு மணி நேரம் அவளைக் கதிரையை விட்டு எழுப்ப முடியவில்லை.

அவள் போனபின் நிஷாந்தினி தன் கணினியில் ஓடவிட்டாள். பதினேழாம் படியில் அந்த முகடர் உட்கார்ந்தது. ஆறும் கூடவே உட்கார்ந்தன. மூச்சு நிறைந்து ஆறும் எழும்பின. அது எழும்பவில்லை. தாண்ட முடியாமல் ஆறும் நின்றன.

"இப்பிடி நிண்டா நாளைக்குக் காட்ட ஏலாதே," என்றான் முஸ்அப் மெல்ல.

கீழே ரோட்டில் அவள் வீட்டுக்குப் போகும் பஸ் ஹார்ன் அடித்தது. நிஷாந்தினி பையைத் தொடவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, அந்த ஆறில் தான் இயக்கும் முகடரை அதன் பக்கத்தில் மறுபடி உட்காரவைத்தாள்.

பஸ் போய்விட்டது. பனியில் அதன் சத்தமும் தேய்ந்தது.

திரையில் அதன் மூச்சுக் கோடு துளித்துளியாக நிறைந்தது. எழும்பாமலிருந்த அது எழும்பியது. திரும்பிப் பார்க்கவில்லை. படியேறியது, பதினெட்டு, பத்தொன்பது என்று.

நிஷாந்தினி அதற்குப் பின்னால் ஏறினாள்.