துரைக்கு அப்புறம் என்ன வரும்

சுங்கை லாலாங் சந்தியில் இருந்த பக்கிரிசாமியின் சாப்பாட்டுக் கடைக்கு, காசு போட்டு ஆடுகிற வீடியோ ஆட்டமான ராக்கெட் பெட்டி வந்து இறங்கிய வருடம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று. பெட்டியின் நெற்றியில் அதன் நிஜப் பெயர் ஜப்பானிய எழுத்தில் எழுதியிருந்தது. படித்துச் சொல்ல அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை. ஆகவே ஊரே கூடிப் பெயர் வைத்தது. பெட்டிக்கு மட்டுமல்ல, திரைக்குள் வந்து சண்டை போடுகிறவர்களுக்கும் சேர்த்து வைத்தது.

முதலில் கூட்டமாக இறங்கும் சின்னச் சிவப்புக் கப்பல்கள் கொசு. அவற்றை முன்னால் விரட்டிவிட்டுத் தான் பின்னால் நின்றுகொள்ளும் மஞ்சள் கப்பல் கங்காணி. நேராக வராமல் பக்கவாட்டில் நழுவி வந்து, நாம் பார்க்காத நேரத்தில் ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போகும் தட்டைத் தலைக் கப்பல் கிராணி. தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாக்களைப் பற்றி ஜனங்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இவர்கள் எல்லோரையும் தாண்டிவிட்டால், திரையில் பாதியை அடைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் விளக்கு எரிய, அவசரமே இல்லாமல் ஒன்று இறங்கும். விடியற்காலையில் ரப்பர் நிரைக்குள் ஜீப்பில் வந்து நிற்கிற வெளிச்சத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அதற்கு வேறு பெயர் தோன்றவில்லை. அது துரை.

துரையை வீழ்த்தியவர் எவரும் இல்லை. அதற்கு அப்புறம் என்ன வரும் என்பது யாருக்கும் தெரியாது. அதுதான் பெட்டியின் ருசி. அழகான பெண் ஒருத்தி கையசைத்துக்கொண்டு வருவாள் என்று லாரிக்காரத் தர்மலிங்கம் சொல்லிவந்தான். போட்ட காசெல்லாம் திரும்பிக் கொட்டும் என்று ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிறவர்கள் நம்பினார்கள். பெட்டி புகைந்து போகும், அதற்குப் பெட்டியின் சொந்தக்காரச் சீன முதலாளி, தவுக்கே, தன்னைத்தான் பிடிப்பான் என்று பக்கிரிசாமி கவலைப்பட்டார்.

ஹெர்பர்ட்டிடம் கேட்டால் அவன் எதுவும் சொல்லமாட்டான். தன் கண்ணால் பார்க்க வேண்டும், அதுவும் முதல் ஆளாகப் பார்க்க வேண்டும் என்பது அவன் ஆசை. அவன் நிஜமாகவே ஒரு கிராணி. பக்கத்துத் தோட்டத்து ஆபீசில் இரண்டாம் மேசை. கடைக்குள் அவன் முதன்முதலாகக் காலெடுத்து வைத்த நேரத்தில், "கிராணிய விடாத, மூஞ்சிலயே அடி" என்று யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். கடையே அடங்கிப் போயிற்று. ஹெர்பர்ட் திரையைப் பார்த்தான். பிறகு அடுத்த ஆட்டத்துக்கு வரிசையில் போய் நின்றான்.

ஆபீசில் அவன் ஒரு காரியத்தைத் தொடங்கினால் அது பெரிய கிராணியிடம் போய், துரையிடம் போய், திரும்பி வரும்போது எதற்காகத் தொடங்கினோம் என்பதே மறந்துபோயிருக்கும். இங்கே பொத்தானை அமுக்கினால் அந்த நொடியே எதிரில் ஒன்று வெடித்துச் சிதறியது. அது போக, அந்தக் கறுப்பு. எந்தப் பக்கம் திரும்பினாலும் வரிசையாக மரம் நிற்கிற ஊரில் பிறந்தவனுக்கு, ஒரு மரமும் இல்லாமல் நட்சத்திரங்கள் மட்டும் மெல்ல நழுவிப் போகிற அந்த வெளி நெஞ்சுக்குள் காற்று விட்ட மாதிரி இருந்தது. கைப்பிடியை இடது கையில் பிடித்தால் அவன் சின்னக் கிராணி இல்லை. உலகத்தின் கடைசிக் கப்பலை ஓட்டுகிற ஆள்.

இந்த நிலையில்தான் மறுவருடம் தவக்காலம் வந்தது. கத்தோலிக்கர்கள் ஆளுக்கொரு பிரியத்தை விட்டுக்கொடுக்கிற காலம். திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வீடு திரும்பும்போது, ஹெர்பர்ட்டின் மனைவி செலஸ்டின் தான் இந்த முறை காப்பியை விடப்போவதாகச் சொன்னாள். நீங்கள் என்ன விடப்போகிறீர்கள் என்று கேட்டாள். அவன் பாகற்காய் என்றான். செலஸ்டின் நடையை நிறுத்தி அவனைப் பார்த்தாள். வீட்டு வாசல் வருவதற்குள் அவன் ராக்கெட் பெட்டியை விட்டிருந்தான்.

ஆனால் எதுவரை விட்டது என்பதில் அவனுக்குச் சந்தேகம் வந்தது. உபதேசியார் இஞ்ஞாசிமுத்துவைப் போய்க் கேட்டான். அவர்தான் அந்த வட்டாரத்துக் குடும்பங்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்து, சுங்கைப் பட்டாணிக் கோயிலுக்கு வேன் ஏற்பாடு செய்கிறவர். ஆட்டத்தை விட்டேன், பார்ப்பதையும் விட வேண்டுமா என்று ஹெர்பர்ட் கேட்க, உபதேசியார் வெகுநேரம் தாடையைத் தடவினார். கறி சாப்பிடாதவன் கறிக்கடைப் பக்கம் நடக்கக் கூடாது என்று சட்டம் இல்லை, கை படாத வரைக்கும் ஒறுத்தல் முறியாது என்று தீர்ப்புச் சொன்னார்.

அதிலிருந்து ஹெர்பர்ட் வேலை முடிந்ததும் கடைக்குப் போய், கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பெட்டியருகே நின்றான். தர்மலிங்கம் ஆடுவான், இவன் பார்ப்பான். நீங்கதான் இப்ப நெஜ கங்காணி என்று தர்மலிங்கம் கேலி பேசினான். பேசட்டும். பார்த்துக்கொண்டே இருந்ததில் ஹெர்பர்ட்டுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. ஆடுகிறவன் தன் கப்பலையேதான் பார்க்கிறான், துரையின் முகத்தைப் பார்ப்பதில்லை. துரையின் இடது விளக்கு ஒருமுறை அணைந்து எரியும். அப்போது அதன் வயிற்றில் ஒரு சின்னக் கதவு திறந்து மூடும். அந்தத் திறப்புக்குள் சுட்டால்தான் உண்டு. மற்ற இடத்தில் சுடுவதெல்லாம் வீண்.

ரகசியத்தை அவன் தர்மலிங்கத்திடம் மூச்சு விடவில்லை. கொசுவை எப்படி ஒதுக்குவது, கங்காணியை எங்கே மடக்குவது என்று ஊருக்கெல்லாம் வாரி வழங்கினான். இதை மட்டும் ஈஸ்டர் பூசை முடிந்த பிறகு தன் கைக்கு என்று எடுத்துவைத்தான். ஆனாலும் முழுக்க அடக்கிவைக்க முடியாமல் வீட்டில் சாப்பிடும்போது சொல்லித் தீர்த்தான். அப்பளம்தான் துரை. பயற்றங்காய்த் துண்டுகள் குண்டு. தினமும் நடந்தது. காப்பி குடிக்காத தலைவலியோடு செலஸ்டின் அதைக் கேட்டுக்கொண்டு சோறு பிசைந்தாள்.

பெரிய வியாழன் வந்தது. அன்று மாலைப் பூசையில் பன்னிரண்டு ஆண்களை அப்போஸ்தலர்களாக உட்கார வைத்துச் சாமியார் பாதம் கழுவுவார். அந்த வருடம் ஹெர்பர்ட்டும் ஒரு அப்போஸ்தலர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. செலஸ்டின் மாம்பழ நிறச் சேலையில் முக்காட்டுத் துணியை மடித்துக் கையில் வைத்திருந்தாள். வேன் தோட்டத்துக்குள் போய் மற்றவர்களை ஏற்றிக்கொண்டு வரும், சந்தியில் நில்லுங்கள் என்று உபதேசியார் சொல்லியிருந்தார். நிற்பதைக் கடைக்குள் நின்றால் என்ன என்று ஹெர்பர்ட்டுக்குத் தோன்றியது.

உள்ளே தர்மலிங்கம் ஆடிக்கொண்டிருந்தான். பக்கிரிசாமி தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே, என்னவோ பழைய செய்தி போலச் சொன்னார். நாளைக் காலையில் தவுக்கேயின் ஆட்கள் வந்து பெட்டியைத் தூக்குகிறார்கள். பக்கத்து ஊர் பீடோங்கில் ஒரு கடைக்குக் கொடுத்தாயிற்று. இங்கே வேறு பெட்டி வரும், கார் ஓட்டுகிற ஆட்டமாம்.

ஹெர்பர்ட் நாட்களை எண்ணிப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை அவன் விரதம் முடிந்து வரும்போது பெட்டி இருக்காது. எத்தனை நாள் கை கட்டி நின்று கண்டுபிடித்தது. இப்போது தொட்டால் ஒறுத்தல் போய்விடும், அதுவும் கால் கழுவப்படப் போகிற நாளில். தொடாவிட்டால் துரைக்கு அப்புறம் என்ன என்பது பீடோங்கில் எவனோ பார்க்கிற காட்சியாகிவிடும். அவன் செலஸ்டினைப் பார்த்தான். அவள் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் தர்மலிங்கத்தின் கடைசிக் கப்பல், கடைசிக் கிராணியைத் தகர்த்துவிட்டு, துரைக்கு எதிரே போய் நின்றது. கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எச்சில் கையோடு எழுந்து வந்தார்கள். துரை இறங்கினார். தர்மலிங்கம் கண்டபடி சுட்டான்.

ஹெர்பர்ட் பல்லைக் கடித்தான். சொல்லலாம், சொன்னால் இவன் ஜெயிப்பான். சொல்லாவிட்டால் இருவரும் தோற்போம். விட்டுக்கொடுக்க வேண்டும் என்று சாம்பல் பூசிக்கொண்டபோது அவன் நினைத்தது இவ்வளவு பெரிய துண்டை அல்ல.

"கப்பலப் பாக்காதடா," என்றான் கடைசியில். குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. "எடது வெளக்கப் பாரு. அது அணையிறப்ப வயித்துல அடி. மத்த நேரம் சும்மா தப்பிச்சுக்கிட்டு நில்லு."

தர்மலிங்கம் ஒருமுறை அடித்தான். துரையின் வயிறு சிவந்தது. கடையே மூச்சை இழுத்தது. இன்னொரு முறை அடித்தான்.

வெளியே ஹாரன் அலறியது. நீளமாக, விடாமல். தோட்டத்துச் சாலை சந்தியில் சேருகிற இடத்தில் தர்மலிங்கத்தின் லாரி குறுக்கே நின்றது. அதன் பின்னால் கோயில் வேன் மாட்டிக்கொண்டிருந்தது. இஞ்ஞாசிமுத்து வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடைக்குள் வந்தார்.

"தம்பி, லாரிய எடு. நாலு அப்போஸ்தலருங்க வேன்ல வேர்த்துக்கிட்டு உக்காந்திருக்காங்க."

ஒரு நிமிஷம் லா என்று தர்மலிங்கம் திரும்பாமலே கெஞ்சினான். முடியாது என்றார் உபதேசியார். சாவியைக் கொடு, நானே நகர்த்திக்கொள்கிறேன் என்று மேசைமேல் கிடந்த சாவியில் கை வைத்தார்.

இஞ்ஞாசிமுத்து வண்டி ஓட்டுகிற அழகு சுங்கை லாலாங் முழுக்கத் தெரியும். தம் மோட்டார் சைக்கிளையே இரண்டு தடவை பள்ளத்துக்குள் நிறுத்தியவர். தர்மலிங்கத்தின் முகத்தில் துரையும் லாரியும் ஒரு நொடி சண்டை போட்டன. லாரிக்கு இன்னும் தவணை கட்டி முடியவில்லை.

"அண்ணே, புடிங்க," என்று கைப்பிடியை விட்டுவிட்டு, சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

ஹெர்பர்ட்டின் கை முதுகுக்குப் பின்னாலிருந்து தானாகவே புறப்பட்டு வந்தது. கைப்பிடிக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது. திரையில் ஆளில்லாக் கப்பல் அப்படியே நின்றது. துரையின் குண்டு ஒன்று மெல்ல அதை நோக்கி இறங்கியது. உபதேசியார் அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.  கை போகவுமில்லை, திரும்பவுமில்லை.

"தள்ளுங்க," என்றாள் செலஸ்டின்.

முக்காட்டுத் துணியை அவன் நீட்டிய கையிலேயே போட்டுவிட்டு, பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள். குண்டு கப்பலின் ஓரத்தை உரசிக்கொண்டு போயிற்று. ஹெர்பர்ட் எடது, எடது என்று ஆரம்பித்தான்.

"வாய மூடுங்க. தெனம் அப்பளத்த வெச்சுப் பாடம் நடத்தினீங்களே, அது போதும்."

அவள் ஆடிய ஆட்டத்தில் அழகு இல்லை. தோசைக்கல்லைப் பிடிக்கிற மாதிரி கைப்பிடியைப் பிடித்தாள். ஆனால் அவள் தன் கப்பலைப் பார்க்கவில்லை. சந்தையில் மீன்காரனின் தராசைப் பார்க்கிற மாதிரி அந்த இடது விளக்கையே பார்த்தாள். அணைந்தது, அடித்தாள். எரிந்தது, ஒதுங்கினாள். வேன் ஓட்டுநர் மறுபடி ஹாரன் அடித்தபோது, "சத்தம் போடாதய்யா," என்று அதட்டியவர் இஞ்ஞாசிமுத்து.

இன்னொரு முறை விளக்கு அணைந்தது. அவள் பொத்தானை அமுக்கிய அமுக்கில் பெட்டியே ஒரு ஆட்டம் ஆடியது. துரை சிவந்து, வெளுத்து, துண்டு துண்டாகத் திரை முழுக்கச் சிதறினார். யாரோ மேசையில் ஓங்கித் தட்டினார்கள். பிறகு எல்லோரும் திரையைப் பார்த்தார்கள்.

திரை வெள்ளையாயிற்று. ஒரு சின்ன மெட்டு ஒலித்தது. பெண் வரவில்லை. காசு கொட்டவில்லை. பெட்டி புகையவில்லை. மறுபடி அதே கறுப்பு, அதே நட்சத்திரங்கள். மேலிருந்து அதே சிவப்புக் கொசுக்கள், முன்னைவிடக் கொஞ்சம் வேகமாக இறங்கின.



"அவ்ளோதானா," என்றார் பக்கிரிசாமி.

மூலையில் நின்ற பால் மரக்காரர் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டார். "பின்ன என்னா. இந்தத் துரை போனா அடுத்த துரை வருவாரு. விடிஞ்சா பேர் கூப்பிடுற பிரட்டுக்கு நாமதான நிக்கணும்."

கடை சிரித்து அடங்க நேரமாயிற்று. ஹெர்பர்ட்டும் சிரித்தான். கை படாமல், முதல் வரிசையில் நின்று பார்த்துவிட்டான். முதல் ஆள் அவன் இல்லை. ஆனால் அந்த ஆளின் முக்காட்டுத் துணி அவன் கையில் இருந்தது. ஏமாற்றத்தைத் தேடிப் பார்த்தான், அவ்வளவாக அகப்படவில்லை. அந்தக் கறுப்பு வெளி முடியவில்லை, இன்னும் போகிறது என்பதே ஒரு நல்ல சேதி மாதிரி இருந்தது.

சிரிக்காதவள் செலஸ்டின் ஒருத்திதான். அவளுக்கு நேரமில்லை. புதுக் கொசுக்களைச் சுட்டுக்கொண்டிருந்தாள். லாரியை நகர்த்திவிட்டு மூச்சு வாங்க ஓடிவந்த தர்மலிங்கம், துரை எங்கே என்று கேட்டான். செத்துட்டாரு என்றார்கள். யார் அடித்தது என்றான். காட்டினார்கள். அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். பாதிக்கு மேல் தான் அடித்தது என்று அவன் வாதாட ஆரம்பித்ததை அன்று யாரும் காதில் வாங்கவில்லை.

பூசைக்கு நேரமாகிறது என்று உபதேசியார் மூன்றாம் முறை கெஞ்சியபோதும் அவள் வரவில்லை. கடைசியில் பக்கவாட்டில் நழுவி வந்த ஒரு தட்டைத் தலைக் கப்பல் அவளை முடித்துவைத்தது.

"கிராணி," என்றாள் அவள், பல்லுக்கிடையில். ஹெர்பர்ட் அது திரையில் இருப்பவனைத்தான் என்று எடுத்துக்கொண்டான்.

வேன் சுங்கைப் பட்டாணிச் சாலையில் பறந்தது. நான்கு அப்போஸ்தலர்களும் முறைத்துக்கொண்டு வந்தார்கள். செலஸ்டின் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஜெபமாலையை எடுத்தாள், உருட்டவில்லை. கொஞ்ச தூரம் போனபின், முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்.

"பெட்டிய பீடோங்ல எந்தக் கடைக்குக் கொண்டு போறாங்களாம்?"

பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்துக் கடை என்றான் ஹெர்பர்ட்.

"பீடோங்ல எங்க அக்காவப் பாத்து ரொம்ப நாளாச்சு."

நகை விஷயமாக அந்த அக்காவோடு அவள் இரண்டு வருடமாக முகம் கொடுத்துப் பேசியதில்லை. ஹெர்பர்ட் அதை நினைவுபடுத்தவில்லை. உறவு விட்டுப்போகக் கூடாதுதான் என்று மிகுந்த அக்கறையோடு ஒத்துக்கொண்டான்.

முன் இருக்கையிலிருந்து இஞ்ஞாசிமுத்து திரும்பிப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை பூசைக்கு அப்புறம்தான்," என்றார் கண்டிப்பாக. பிறகு குரலைத் தாழ்த்தி, வேனில் இடம் வேண்டுமானால் அவருக்கும் பீடோங்கில் ஒரு ஜோலி இருப்பதாகச் சொன்னார்.