தோள் அளவு

வயிறு வரும், போகும். இடுப்பு யார் பேச்சையும் கேட்காது. தோள் அப்படியில்லை, அது எலும்பு. வளர்ந்து முடித்தவர்களுக்குத் தோள் அளவு மாறவே மாறாது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி வாய் புளித்துப்போனவள் அந்தத் தையல்காரி. அவளுடைய தோளே சுருங்க ஆரம்பித்தால் அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

தெருவைப் பார்த்த முன்னறையில் கடை, பின்னறையில் கட்டிலும் அடுப்பும். மூலையில் தலையில்லாத துணிப் பொம்மை ஒன்று. கடை திறந்த புதிதில் தன் அளவுக்கே பஞ்சு அடைத்து அவள் செய்துகொண்டது. தனக்கு எதைத் தைத்தாலும் அதற்குப் போட்டுத்தான் சரிபார்ப்பாள். புதிதாகத் தனக்குத் தைத்த சாம்பல் நிறச் சட்டையும் பொம்மைக்குக் கச்சிதமாக இருந்தது. அவள் போட்டுக்கொண்டால் மட்டும் தோள் தையல் வழுக்கிக் கைக்கு இறங்கியது.

டேப்தான் பழசாகி இழுபட்டுவிட்டது என்று நினைத்தாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். புது டேப்பும் அதையேதான் சொன்னது.

வயசாகிறது, தனிமை வேறு, என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். கணவன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஒரே மகள் வெளியூரில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறாள். "நீ வந்துடுடி, என்னால முடியல" என்று போனில் அழுது அழுது, கடைசியில் வேலையை விட்டுவிட்டு வருவதாக மகளும் ஒப்புக்கொண்டுவிட்டாள். திங்கட்கிழமை வரை யோசித்துப் பார் என்று முதலாளி இடத்தை நிறுத்தி வைத்திருந்தார். யோசிக்க என்ன இருக்கிறது என்றாள் அம்மா.

அதுவரை தையல்காரிக்கு ஆறுதல் அவளுடைய அக்காதான். மதியம் கடைக்கு வந்து உட்கார்ந்தால் விளக்குப் போடும் வரை எழுந்திருக்க மாட்டாள். ஒரு கடுஞ்சொல் அவள் வாயில் வந்ததில்லை. "பாவம்டி நீ. என்னை விட்டா உனக்கு யாரு இருக்கா?" என்று முதுகைத் தடவிக் கொடுப்பாள். அதற்கு நேர்மாறு பக்கத்துச் சலவைக் கடைக்காரர். அவருக்குத் தெருவே வைத்த பெயர் சிடுமூஞ்சி.

"ஏம்மா, கண்ணைக் கழட்டி வெச்சுட்டா தைச்சே? காலர் ஒரு பக்கம் தூங்குது பாரு!"

"நீங்க தேய்க்கற லட்சணத்துக்கு எந்தக் காலரும் தூங்கத்தாண்ணே செய்யும்!"

இருவரும் தெருக்கோடி வரை கேட்கக் கத்திக்கொள்வார்கள். ஒரு நாள் அப்படிக் கத்திவிட்டு அவர் போன பிறகு கண்ணாடியைப் பார்த்தாள். சாம்பல் சட்டையின் தையல் தோள் எலும்பின் மேல் அழகாக உட்கார்ந்திருந்தது. அன்று மதியம் அக்கா வந்து போனாள். மறுபடி கண்ணாடியைப் பார்த்தபோது தையல் கைக்கு இறங்கியிருந்தது.

அடுத்த முறை அக்கா வந்தபோது கையில் ஒரு கோட்டு. "தோள்ல பிடிக்குதுடி. கொஞ்சம் பிரிச்சு விடேன்."

"போன தடவைதானே பிரிச்சு விட்டேன்?"

"உன் சாப்பாட்டையா பிடுங்கித் திங்கறேன்? என்னமோ, பெருத்துட்டே போறேன்" என்று அக்கா சிரித்தாள்.

வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு அக்காவின் தோளில் டேப்பை வைத்தாள் தையல்காரி. அளவு ஏறியிருந்தது. எவ்வளவு என்று கணக்குப் போடவே வேண்டாம்; தன் சட்டை எவ்வளவு தொங்கியதோ அவ்வளவு. "இப்படி மெலிஞ்சுட்டியேடி, பாவம்" என்று அக்கா திரும்பி அவள் கன்னத்தைத் தடவினாள். தடவத் தடவ, தன் சட்டை தோளிலிருந்து நகர்வதை அவள் உணர்ந்தாள். அக்காவின் தோள் அகல அகல, பிடித்திருந்த டேப் விரலிடுக்கில் கோடு கோடாக வழுக்கிக்கொண்டு போனது. பயத்தில் குண்டூசியை விழுங்கிவிட இருந்தாள்.

அதன் பிறகு அக்கா வரும் நேரத்துக்குக் கதவைச் சாத்தி வைத்தாள். வெளியே நின்று அக்கா கூப்பிடும்போது தாழ்ப்பாள் வரை கை போகும். கூடப் பிறந்தவள் அல்லவா, பாசம் எங்கே போகும்? ஆனாலும் திறக்கவில்லை. சட்டை தோளிலேயே நின்றது. தனக்கு எது ஆகும், எது ஆகாது என்று இப்போதாவது தெரிந்ததே என்று பெருமைகூடப் பட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை மகள் வந்து சேர்ந்தாள். அவளை விட்டு நகராமல், கையைப் பிடித்தபடி, தன் கஷ்டத்தையெல்லாம் விளக்குப் போடும் வரை சொன்னாள் அம்மா. மறுநாள் காலையில் பார்த்தால், ஊருக்குப் போகும்போது தானே அளந்து தைத்துக் கொடுத்த நீலச் சட்டை மகளின் உடம்பில் நிற்கவில்லை. தோள் தையல் கையில் தொங்கியது.

"யாருடி அங்க உன்னை இப்படித் தின்னது? அந்த முதலாளியா? கூடத் தங்கியிருக்கறவளா?"

"யாரும் இல்லம்மா. அங்க நல்லாத்தான் இருந்தேன். நேத்து பஸ்ல வரும்போதுகூட இந்தச் சட்டை சரியாத்தான் இருந்துச்சு." மகளின் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "பாவம்டி நீ. என்னை விட்டா உனக்கு யாரு இருக்கா?"

டப் என்று ஒரு சத்தம். நூல் அறுகிற சத்தம் தையல்காரிக்குத் தெரியாதா? பொம்மைக்குக் கச்சிதமாக இருந்த அந்தச் சாம்பல் சட்டை, அவள் தோளில் பிரிந்திருந்தது.

கையை எடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. அவ்வளவு இதமாக இருந்தது. அக்காவுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். அக்கா தெரிந்தா செய்தாள்? பாசம் என்று நினைத்துச் செய்தாள். இவளும் பாசத்தில்தான் போனில் அழுதாள். கைக்குள் மகளின் தோள் இன்னும் கொஞ்சம் சிறுத்தது.

சுட்டுக்கொண்டவள் போல உதறி எழுந்தாள்.

"கிளம்பு."

"என்னம்மா?"

"காது கேக்கலையா? பையை எடு. மத்தியான பஸ்ஸைப் பிடி. நாளைக்கு வேலைக்குப் போ."

"நீதானேம்மா அழுது கூப்பிட்டே?"

"கூப்பிட்டா வந்துடறதா? உனக்குன்னு புத்தி வேண்டாமா? கண்ணைக் கழட்டி வெச்சுட்டா பொழைக்கறே?"

மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. "உன் இஷ்டத்துக்கு ஆட்டி வைக்க ஒரு பொம்மைதானே வேணும்? அதான் மூலையில நிக்குதே, அதோட இரு!"

தையல்காரி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நீலச் சட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தையல் கையிலிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. கதவை அறைந்து சாத்திவிட்டு மகள் போகும்போது அது எலும்பின் மேல் வந்து உட்கார்ந்துவிட்டது.

சத்தம் கேட்டுச் சிடுமூஞ்சி எட்டிப் பார்த்தார். "தையக்காரி சட்டையிலேயே கிழிசல். நல்லா இருக்கும்மா உன் பொழப்பு" என்றார்.

சாயங்காலம் போன் அடித்தது. "வந்து சேந்துட்டேன்" என்றாள் மகள், கோபம் ஆறாமல். பிறகு, "நீ சாப்பிட்டியா?"

இல்லைடி, நீ இல்லாமல் தொண்டையில் இறங்கவில்லை என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் தன் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கிழிசலை அவள் தைத்திருக்கவில்லை.

"சாப்பிட்டாச்சு. வேலை தலைக்கு மேல கிடக்கு, வை" என்றாள். மகள் போனை வைக்கும் வரை வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள். அப்புறம்தான் அழுதாள்.