நேரில் சந்தித்தேன், நலம்

"பதினாலாம் தேதி நான் ஆஸ்பத்திரியில இருந்தேன் மேடம்—"

"அதான் இல்லைங்கறேன். பதிவேட்டுல நீ என் முன்னாடி உக்காந்திருக்க, பாரு—"

"பதிவேட்டுல உக்காந்திருக்கேன். நான் உக்காரலையே."

அறையில் மின்விசிறி மட்டும்தான் யார் பக்கமும் சேராமல் சுற்றிக்கொண்டிருந்தது.

பேராசிரியைக்கு அந்தக் கல்லூரியில் நாற்பது பிள்ளைகளுக்கு வழிகாட்டும் பொறுப்பு. மாதம் ஒருமுறை ஒவ்வொருவரையும் பார்த்துப் பேச வேண்டும். இருப்பதோ ஒரு வாய். அதனால் மாதக் கடைசியில் ஒரே மூச்சில், நாற்பது கட்டத்திலும் கைக்கு வந்த தேதியைப் போட்டு ஒரே வரியை எழுதிவிடுவார்: 'நேரில் சந்தித்தேன், நலம்.' அந்தப் பிசகாத வரிசைக்குத்தான் போன வருடம் சிறந்த வழிகாட்டி விருது. தலைக்கு மேலே சுவரில் தொங்கியது.

இந்தப் பெண்ணோ அப்பாவின் ஆபரேஷனுக்காக மூன்று வாரம் வகுப்புக்கு வரவில்லை. வருகை குறைந்ததால் பரீட்சை எழுத முடியாது என்றார்கள். ஆஸ்பத்திரிச் சான்றிதழை நீட்டினாள். பதிவேட்டைப் புரட்டிய அலுவலகக்காரர், ஒரே நாளில் அங்கே ஒரு கால் இங்கே ஒரு காலா என்று, சான்றிதழ்தான் போலி என முடிவுகட்டிவிட்டார். இதை விசாரிக்க நாலு மணிக்குக் குழு கூடுகிறது.

"அந்த ஒரு வரிய அடிச்சுக் குடுங்க மேடம்."

"ஒரு நூலை இழுத்தா புடவையே கையோட வந்துடும்மா."

"இழுக்கலைன்னா எனக்கு ஒரு வருஷம் போயிடும்."

"கஷ்டம்னா அப்பவே எங்கிட்ட வந்து சொல்லியிருக்கணும். வேற எதுக்கு நான் இருக்கேன்?"

"மூணு தடவ வந்தேன். 'மாணவர் சந்திப்பு நடக்கிறது, தொந்தரவு செய்யாதீர்கள்'னு கதவுல பலகை தொங்குச்சு."

பேராசிரியை இருமினார். உள்ளே உட்கார்ந்து அவர் எழுதிக்கொண்டிருந்தது இந்தப் பதிவேட்டைத்தான்.

மணி மூணேமுக்கால். பொறி தட்டியது.

"சரி, இப்படிச் செய்யலாம். நேர்லங்கறது கை தவறி எழுதினது, போன்ல பேசினேன்னு திருத்திடறேன். நீயும் ஆஸ்பத்திரியில இருந்த, நானும் விசாரிச்ச மாதிரி ஆச்சு. பாம்பும் நோகாது, அடிச்ச கோலும் நோகாது."

நிம்மதியாகப் பேனா மூடியைக் கழற்றினார். அந்தப் பெண் அதுவரை நுனியில் ஒட்டிக்கொண்டிருந்த நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"எழுதுங்க மேடம். ஆனா எந்த நம்பருக்குக் கூப்பிட்டீங்கன்னு குழுவுல கேப்பாங்க. என் நம்பர் என்ன, சொல்லுங்க."