படத்துக்கு மட்டும் கையுறை

நியாயம் தெரிந்தவர்களே, இந்த விரல்களைப் பாருங்கள்! வேளாண்மைக் கல்லூரி மாணவி ஒருத்தியின் விரல்கள் இவை. பரிமாற்றப் பயணம், பாடம் என்று ஆசை காட்டி அயல்நாட்டுக்கு அழைத்துவந்து, உறைபனியில் ஆப்பிள் மரங்களின் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்ய நிறுத்திவிட்டார்கள்.

காலையில் ஆளுக்கொரு ஜோடி கையுறை கொடுத்தார்கள். கல்லூரி விளம்பரத்துக்குப் படம் எடுத்து முடிந்ததும், கூட வந்த ஆசிரியர் அவற்றைத் திரும்ப வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். அடுத்த குழுவின் படத்திலும் அவை புதிதாகவே தெரிய வேண்டுமாம்!

"சார், விரலெல்லாம் மரத்துப்போச்சு. கையுறையைக் குடுங்க சார்," என்று அவள் கெஞ்சினாள்.

"விவசாயம் படிக்க வந்தியா, விருந்துக்கு வந்தியா? வேலை செஞ்சா தானா சூடேறும்."

"அப்ப நீங்களும் ரெண்டு கிளை வெட்டுங்க சார், சூடேறட்டும்!" என்றாள் தோழி. ஆசிரியரின் கைகள் கோட்டுப் பையைவிட்டு வெளியே வரவில்லை.

அவள் மறுபடியும் கத்தரியை அழுத்தினாள். கிளை விழுந்தது.

"அடியே, ரத்தம்டி!" என்று தோழி அலறிய பிறகே, கிளையோடு தன் விரல் நுனியும் போய்விட்டதை அவள் கண்டாள்.

"வலிக்கலடி!" என்று கதறினாள். "ஐயோ, வலிக்கவே இல்லடி!"

பெற்றோரே, அந்தப் பளபளப்பான படம் நாளை உங்கள் வீட்டுக்கும் வரும். அதைச் சுவரில் மாட்டாதீர்கள். பிள்ளையின் கையை விரித்துப் பாருங்கள். பிறகு கல்லூரி வாசலில் திரண்டு நின்று நியாயம் கேளுங்கள்!