வேண்டாம் என்று எழுதித் தந்த பார்சல்

தபால் ஆபீஸ் கவுண்டரில் இருந்த பார்சல் ஒரு செங்கல் அளவுகூட இல்லை. அதற்குப் போட்டிருந்த சுங்க வரியைப் பார்த்ததும் காஜாக்காரிக்கு முழி பிதுங்கியது. தையல் கம்பெனியில் நாள் முழுக்கச் சட்டைகளுக்குக் காஜா எடுப்பவள் அவள். அந்த வரி அவளுடைய மூன்று மாதச் சம்பளம்.

உள்ளே இருந்தது, பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மகளுக்கான காது மெஷின். மகளுக்கு ஆறு வயசு, பிறந்ததிலிருந்தே காது கேட்காது. பழைய மெஷின் வாளித் தண்ணீரில் விழுந்து ஒரு மாதம் ஆகிறது. இரண்டு வருஷம் பாடுபட்டுக் கற்ற வார்த்தைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தன. போன வாரம்வரை 'தண்ணி' என்றவள் இப்போது டம்ளரைக் காட்டுகிறாள்.

வெளிநாட்டில் லாரி ஓட்டும் தம்பி, யாரோ பயன்படுத்திய மெஷினை இனாமாக வாங்கி அனுப்பியிருந்தான். அனுப்பியவன் சும்மா அனுப்பினானா? படிவத்தில் புது மெஷினின் விலையை எழுதித் தொலைத்திருந்தான். விலை அதிகம் போட்டால் பத்திரமாகக் கொண்டுபோவார்களாம். அந்தப் புத்திசாலித்தனத்தை எந்த உடைப்பில் கொண்டுபோய்ப் போடுவது?

"சார், இது பழசு சார். இனாமா வந்தது."

"விலைய நானாம்மா எழுதினேன்?" என்றார் குமாஸ்தா. "இன்னைக்குத்தான் கடைசி நாள். கட்டுறீங்களா, வேண்டாம்னு எழுதித் தர்றீங்களா?"

அங்கேயே நின்று தம்பிக்கு போன் போட்டாள்.

"வேண்டாம்னு எழுதிக் குடுத்துடுக்கா. எனக்கே திரும்பி வந்துரும். பழசுன்னு எழுதி மறுபடி அனுப்புறேன். இங்க எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இன்னும் ஒரு மாதம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம். 'வாங்க மறுக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். குமாஸ்தா முத்திரை குத்தினார்.

"எப்ப சார் தம்பிகிட்ட போய்ச் சேரும்?"

"திரும்பப் போகாதேம்மா." அவர் படிவத்தை அவள் பக்கம் திருப்பினார். "டெலிவரி ஆகலைன்னா என்ன பண்ணணும்னு அனுப்பினவரே டிக் போட்டிருக்காரு பாருங்க. அழிச்சிடச் சொல்லி."

"அடேய், என்னத்தடா டிக் பண்ணித் தொலைச்ச?" என்று மறுபடி தம்பியைக் கூப்பிட்டுப் போனில் கத்தினாள்.

தம்பி மெல்லச் சொன்னான். "திரும்பி வந்தா அந்தச் செலவு என் தலையிலன்னு சொன்னாங்கக்கா. உன் கைக்குத்தானே வரப்போகுது, எங்க திரும்பப் போகுதுன்னு நினைச்சேன்..." சொல்லிவிட்டு அழுதான். அவன் அழுது யாருக்கு என்ன லாபம்?

"அந்தப் பேப்பரக் கிழிச்சிடுங்க சார். சாயங்காலத்துக்குள்ள யார் கால்லயாவது விழுந்து கட்டிடறேன்."

"கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சும்மா. இனி என் கையில ஒண்ணும் இல்ல." கல்நெஞ்சக்காரர் இல்லை அவர். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்துகொண்டுதான் பார்சலை எடுக்கக் கை நீட்டினார்.

அவள் முந்திக்கொண்டாள். பெட்டியை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"தர மாட்டேன் சார். போலீஸக் கூப்பிடுங்க. என்ன வேணா பண்ணுங்க."

வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். குமாஸ்தா வாசல் காவலாளியைக் கூப்பிட்டார்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த மகளுக்கு இதில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அம்மா கைக்குப் பெட்டி வந்துவிட்டதை மட்டும் பார்த்தாள். குதித்து ஓடிவந்து, அம்மாவின் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, முடியை ஒதுக்கிவிட்டுக் காதைக் காட்டினாள்.