ஹிக்மத் அகாவின் கத்திக் கை

காலையில் கண் விழித்ததும் கைப்பேசியைத் தேடுவது மவ்ஜூதாவின் வழக்கம். அந்த வியாழக்கிழமையும் படுத்தபடியே அதை எடுத்துப் பார்த்தவள், மறு நொடியே போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

சமர்கண்டில் எந்தெந்தச் சமையல்காரர்களை இணையத்தில் பின்தொடரலாம் என்று வாரத்துக்கு ஒருவராக எழுதிவந்தாள் அவள். பக்கத்தின் பெயர் 'கொப்பரையடி'. பகலில் திரைச்சீலைக் கடையில் வேலை, மாலையில் வடிவமைப்பு வகுப்பு, மிச்ச நேரத்தில் இது. ஒரு கடையில் மூன்று முறை சாப்பிட்டுப் பார்க்காமல் அவள் யார் பெயரையும் சொல்வதில்லை. அப்படியும் எழுதியதை நாலு தடவை அழித்துவிட்டுத்தான் போடுவாள். நேற்று மாலை, ஊர் அண்ணன் முறையில் 'அகா' என்றழைக்கும் ஹிக்மத்தைப் பற்றிப் போட்டாள். அவர் புலாவுக் கொப்பரையைத் திறந்து, இறைச்சியை வெட்டி, தட்டில் பரப்பி, வாசல் மேசையில் இருந்த பெரியவருக்கு டீக் கிண்ணத்தை நீட்டுகிற சின்ன வீடியோ. வழக்கமாக இருபது முப்பது பேர் ஏதாவது எழுதுவார்கள். இன்று நானூற்றைத் தாண்டியிருந்தது.

"கடைசியில பாருங்க. இடது கையால டீ நீட்டுறார்."

"அதுவும் வயசானவருக்கு."

"வலது கைய நெஞ்சுல வச்சிக்கிட்டு இடது கையால குடுக்கிறார். மரியாதைய எங்க போய் கத்துக்கிட்டாரோ, தாஷ்கண்ட்லயோ?"

"இவரயா பின்தொடரச் சொல்ற, மவ்ஜூதா? உங்க வீட்லயும் இப்படித்தான் டீ குடுப்பீங்களா?"

"அந்தப் பெரியவருக்குக் கண்ணு தெரியாதா? பேசாம வாங்கிக் குடிக்கிறாரே."

நடுவில் ஒருவர் எழுதியிருந்ததை அவள் இரண்டு தடவை படித்தாள். 'ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கல்யாணப் புலாவுக்கு இவரைத்தான் சொல்லியிருக்கிறோம். அப்பாவிடம் காட்டினேன். யோசிப்போம் என்கிறார்.' எழுதியவன் உபைதுல்லா ஹாஜியின் பெரிய மகன். ஹாஜி வீட்டுக் கல்யாணம் என்றால் ஊரில் பாதிப்பேர் விடியற்காலையிலேயே புலாவுக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஹிக்மத் அகா பழைய முதலாளியை விட்டுத் தனிக் கடை போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவருக்கு வந்த முதல் பெரிய கல்யாணம் இதுதான். அதை அவரே மூன்று தடவை அவளிடம் சொல்லியிருந்தார்.

'மூணு தடவை சாப்பிட்டேனே, எப்படிக் கவனிக்காமல் போனேன்?' என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. பார்க்கத் தெரியாத ஒருத்தி ஊருக்கெல்லாம் எதைப் பார்க்கச் சொல்ல முடியும்? பதிவை எடுத்துவிடலாமா என்று விரலைக் கொண்டுபோனாள். எடுத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டது போலாகும். விரலை எடுத்துக்கொண்டாள்.

பிறகுதான் தான் முதலில் எடுத்த வீடியோவைத் திறந்து பார்க்கத் தோன்றியது. அதில் ஹிக்மத் அகா வலது கையால்தான் டீ கொடுத்தார். இடது கை, இருக்க வேண்டிய இடத்தில், நெஞ்சின் மேல் இருந்தது.

திருப்பியது அவள்தான். தன் பக்கத்தைத் திறந்தால் எல்லாச் சமையல்காரர்களும் ஒரே திசையைப் பார்த்து நிற்க வேண்டும் என்று ஓர் ஒழுங்கு வைத்திருந்தாள். ஹிக்மத் அகா மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்து நின்றார். அதனால் கண்ணாடியில் தெரிவதுபோல் வலத்தை இடமாக மாற்றிவிட்டுப் போட்டாள். பின்னால் வெறும் மண்சுவர், எழுத்து எதுவும் இல்லை. அவளுக்கு உறுத்தவில்லை.

உண்மையைச் சொல்லிவிட்டால் முடிந்தது. 'வீடியோவைத் திருப்பியது என் தவறு' என்று ஒரு வரி எழுதி, இதையும் சேர்த்துப் போட்டுவிடலாம். அதற்கு முன் ஒரு தடவை முழுவதையும் பார்த்துவிடுவோம் என்று ஆரம்பத்திலிருந்து ஓட்டினாள்.

கத்தி இடது கையில் இருந்தது.

திரும்ப ஓட்டினாள். ஹிக்மத் அகா கொப்பரையிலிருந்து இறைச்சித் துண்டைத் தூக்கிப் பலகையில் வைத்து, இடது கையால் சரசரவென்று வெட்டிக்கொண்டிருந்தார். அவர் சுவரைப் பார்த்து நின்று வெட்டுவார். அவள் பக்கத்து ஜன்னல் வழியாக எடுத்ததால்தான் கையே தெரிந்தது. அவருடைய சொந்தப் பக்கத்தில் இறைச்சி வெட்டுகிற வீடியோ ஒன்றுகூடக் கிடையாது. வெட்டுவதைக் காட்டுங்கள் என்று எத்தனையோ பேர் கேட்டும் அவர் பதில் சொன்னதில்லை. ஏன் என்று இப்போது புரிந்தது.

டீயைச் சரிசெய்தால் கத்தி மாட்டிக்கொள்ளும். கத்தியை மறைத்தால் டீ மாட்டிக்கொள்ளும். திரைச்சீலைக் கடைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு அவள் ஹிக்மத் அகாவின் சாய்கானா என்கிற டீக்கடைக்குக் கிளம்பினாள். உடம்பும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

கொப்பரை மூடியிருந்தது. வாசல் மேசையில் வீடியோவில் வந்த அதே பெரியவர், எல்லோருக்கும் சித்தப்பா முறையான முஹித்தின் அமாகி, ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் பிய்ப்பதை நிறுத்தினார்.

"வா தாயே, வா. ஒரு டீ குடிச்சதுக்கு ஊரெல்லாம் என்னைக் குருடனாக்கிட்டியே. என் மருமக கேக்கறா, 'இடது கையால குடுத்தா வாங்குவீங்களா, நான் குடுத்திருந்தா வீட்ட ரெண்டாக்கியிருப்பீங்களே'ன்னு."

"மன்னிச்சிடுங்க அமாகி."

"என்னத்த மன்னிக்கிறது. அவன்ட்ட போய்ச் சொல்லு."

ஹிக்மத் அகா அடுப்புக்குப் பின்னால் மஞ்சள் கேரட் நறுக்குபவர்களுக்கு நடுவில் சும்மா உட்கார்ந்திருந்தார். வேலை நேரத்தில் அவரை அப்படி அவள் பார்த்ததில்லை. அவள் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். திருப்பியது, ஏன் திருப்பியது, யாரும் கேட்காமல் தானாகத் திருப்பியது.

"ஒரே பக்கம் பாக்கணும்னா?" என்றார் அவர்.

"ஆமா அகா."

"நாங்க என்ன, பள்ளிக்கூடத்துல வரிசையில நிக்கிற பிள்ளைங்களா? உன்னை யாரும்மா திருப்பச் சொன்னது? காலையில ஹாஜி மகன் போன் பண்றான். 'அகா, ரெண்டு நாள் பொறுங்க, அரிசி ஊற வச்சிடாதீங்க'ங்கறான். எனக்கு ஒண்ணும் புரியல. நான் நேத்தே பாத்தேன் உன் வீடியோவ. பாத்துட்டு சந்தோஷமா தூங்கினேன்."

"சந்தோஷமாவா?"

அவர் கேரட் நறுக்குபவர்களை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு குரலை இறக்கிச் சொன்னார்: "கத்தி வலது கையில இருந்துச்சே. இந்தப் பொண்ணு எடுத்தா போன்கூட நல்லபடியா எடுக்குதேன்னு நெனச்சேன். நான் பாத்தது கத்திய மட்டுந்தான். டீய யாரு பாத்தா?"

மவ்ஜூதாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிற நிலைமையா இது என்று அடக்கிக்கொண்டாள்.

"கத்தி வர்ற இடத்த வெட்டிடறேன் அகா. டீ குடுக்கறத மட்டும் சரியாத் திருப்பிப் போட்டுடறேன்" என்றாள்.

அவர் முகம் தெளிந்தது. "செய். அப்படியே செய்."

அவள் கைப்பேசியை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"முடியாது அகா. நேத்துப் போட்டது ஏற்கனவே எல்லார் கையிலயும் இருக்கு. அதுல வலது கையில கத்தி. நான் 'திருப்பிப் போட்டுட்டேன்'னு சொன்னா, அப்ப கத்தி எந்தக் கையில இருந்துச்சுன்னு எவனாவது ஒருத்தன் கேப்பான். நானூறு பேர்ல ஒருத்தன் கேக்க மாட்டானா?"

"கேப்பான்" என்றார் ஹிக்மத் அகா. "இந்த ஊர்ல நாலு பேர் இருந்தாலே ஒருத்தன் கேப்பான்."

அவர் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொழில் பழகிய இடத்தில் பெரிய சமையல்காரர் இந்தக் கை நீண்டால் கரண்டிக் காம்பால் தட்டுவாராம். அரிசி போட, தண்ணீர் ஊற்ற, ரொட்டி எடுக்க, எல்லாவற்றுக்கும் வலது கை பழகிவிட்டது. கத்தி மட்டும் பழகவில்லை. வலது கையால் வெட்டினால் துண்டு கோணலாகப் போனது. ஒரு தடவை விரலே போகப் பார்த்தது. அதனால் சுவரைப் பார்த்து நின்று வெட்டப் பழகிக்கொண்டார். சொந்தக் கடை போட்டபோதும் பலகையை முதலில் சுவரோரம்தான் போட்டார்.

"இடது கையால வெட்டின கறின்னா ஹாஜி வீட்ல வாயில வைப்பாங்களா?" என்றார். அவளைக் கேட்டதுபோலத் தெரியவில்லை.

"வச்சிக்கிட்டுத்தானே இருக்கோம்" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. முஹித்தின் அமாகி ரொட்டியோடு உள்ளே வந்து நின்றிருந்தார்.

"நீங்க எப்ப வந்தீங்க?"

"நீ கைய உத்துப் பாத்துக்கிட்டிருந்தப்ப. ஏன்டா ஹிக்மத், எங்களுக்குத் தெரியாதுன்னா நெனச்சே?"

"என்ன தெரியாது?"

"நீ சுவரப் பாத்து நின்னா கைதான் மறையும். முழங்கை எந்தப் பக்கம் ஆடுதுன்னு முதுகப் பாத்தாலே தெரியுது. பழைய கடையில இருந்த காலத்துலயே தெரியும்."

கேரட் நறுக்குபவர்களில் மூத்த அக்கா கராமத் ஓபா தலையைத் தூக்காமலே சொன்னாள்: "எனக்கு வந்த அன்னைக்கே தெரியும். உங்க கத்திய எடுத்து ஒரு வெங்காயம் நறுக்கிப் பாத்தேன். எதிர்ப்பக்கமா தீட்டி வச்சிருக்கீங்க."

"பின்ன ஏன் யாரும் ஒரு வார்த்தை சொல்லல?"

"நீ மறைக்கிறே, நாங்க ஏன் சொல்லணும்?" என்றார் அமாகி. "ஏதோ வேண்டுதல்னு நெனச்சோம். நான் ஹாஜியோட ஒண்ணா உக்காந்து உன் புலாவத் தின்னிருக்கேன். பக்கத்துல சாஞ்சு என்ன சொன்னார் தெரியுமா? 'இந்தப் பய முதுகு காட்டி நிக்கிறானே, நல்ல துண்டயெல்லாம் ஒதுக்கறானோ?'ன்னு. அவருக்குச் சந்தேகம் அதுலதான்."

ஹிக்மத் அகா எழுந்துபோய் பலகையின் ஒரு முனையைப் பிடித்தார். "அந்தப் பக்கம் பிடிம்மா" என்றார் மவ்ஜூதாவிடம். இருவருமாகப் பலகையை இழுத்து, சாப்பிடுகிறவர்களைப் பார்த்தபடி திருப்பிப் போட்டார்கள். அதன் கால்கள் தரையைப் பிறாண்டிய சத்தத்துக்கு மேசைகளில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

கொப்பரையைத் திறக்கும் நேரம் வந்திருந்தது. அவர் மூடியை எடுத்தார். ஆவி கூரை வரை போனது. கிளறாமல், அரிசியை மேலாகத் தள்ளி, அடியில் இருந்த பெரிய இறைச்சித் துண்டைத் தூக்கிப் பலகையில் வைத்தார். கத்தியை இடது கையில் எடுத்தார்.

"எடு. திருப்பாம எடு. நான் எந்தப் பக்கம் பாத்தாலும் அப்படியே இருக்கட்டும்."

அவள் எடுத்தாள். அவர் கைப்பேசியைப் பார்த்து ஒரே ஒரு வரிதான் சொன்னார்: "கறிக்கு இந்தக் கை, டீக்கும் ரொட்டிக்கும் அந்தக் கை. நேத்து நீங்க பாத்தது கண்ணாடி." பிறகு அரிசி, அதன் மேல் கேரட், அதன் மேல் இறைச்சி என்று தட்டை நிரப்பி, டீக் கிண்ணத்தை வலது கையால் முஹித்தின் அமாகிக்குக் கொடுத்தார். அமாகி கிண்ணத்தை வாங்கி, வலது கையிலிருந்து வாங்கியதை எல்லோரும் பார்க்கும்படி, தேவைக்கு அதிகமான நேரம் தூக்கிப் பிடித்திருந்தார்.

மவ்ஜூதா அங்கேயே மூலையில் உட்கார்ந்து எழுதினாள். 'தவறு என்னுடையது. பக்கம் அழகாக இருக்க வேண்டுமென்று வீடியோவைத் திருப்பினேன். ஹிக்மத் அகா பெரியவருக்கு வலது கையால்தான் டீ கொடுத்தார். கத்தி பிடிப்பது இடது கையால். இன்று எடுத்ததை அப்படியே போடுகிறேன்.' இந்த முறை ஒன்றையும் அழிக்கவில்லை. அனுப்பிவிட்டுக் கைப்பேசியை முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

ஹிக்மத் அகா வெட்டிக்கொண்டே இருந்தார். இரண்டு பேர் அருகில் வந்து நின்று பார்த்தார்கள். ஒருவன், "அகா, வேகமா வெட்றீங்களே" என்றான். அவ்வளவுதான். கறியை யாரும் ஒதுக்கவில்லை. கொப்பரை பாதிக்குக் கீழே இறங்கியிருந்தபோது அவருடைய கைப்பேசி அடித்தது. பெயரைப் பார்த்தார். கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துண்டில் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எடுடா" என்றார் அமாகி.

"ஹாஜி அகா, சொல்லுங்க... ஆமா, பாத்தீங்களா... ஆமா, சின்ன வயசுலேந்தே... இல்ல, ஒதுக்கறதெல்லாம் இல்ல, சத்தியமா இல்ல..."

மவ்ஜூதா எழுந்து நின்றுவிட்டாள். கராமத் ஓபாவின் கையும் கேரட்டின் மேல் நின்றது.

"கிஸ்மிஸா? போடலாம், போடாமலும் இருக்கலாம்... சம்பந்தி வீட்டுக்காரங்க புகாரா ஊர்க்காரங்களா? அவங்க போடணும்பாங்களே... உங்க தம்பி கூடாதுங்கறாரா... சரி, ரெண்டு கொப்பரையா ஏத்திடறேன். ஒண்ணுல போட்டு, ஒண்ணுல போடாம... கொண்டைக்கடலை ரெண்டுலயும் இருக்கும், அதுல யாரும் பேசக் கூடாது, சொல்லிடுங்க... சரி அகா. சனிக்கிழமை சாயங்காலம் சாமானோட வந்துடறேன்."

கைப்பேசியை வைத்தார். அவர் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்து, கராமத் ஓபா ஊற்றிக் கொடுத்த டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

மவ்ஜூதா அப்போதுதான் தன் கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். நூற்றுக்கு மேல் புதிதாக வந்திருந்தது. இரண்டு பேர் மன்னிப்புக் கேட்டிருந்தார்கள். ஒருத்தி, தன் மகனும் இடது கையால்தான் ஆப்பிள் தோல் சீவுகிறான், இனிமேல் திட்டப்போவதில்லை என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே கேரட்டை இவ்வளவு தடியாக நறுக்கலாமா என்று யாரோ ஆரம்பித்து, மற்றவர்கள் எல்லோரும் அந்தச் சண்டைக்குப் போய்விட்டார்கள். ஹிக்மத் அகாவைப் புதிதாகப் பின்தொடர்ந்தவர்களின் எண்ணிக்கையைப் பார்க்க நினைத்தாள். பார்க்கவில்லை. பசி வந்தது.

"உக்காந்து சாப்பிடு. காலையிலேந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டே" என்று ஹிக்மத் அகா ஒரு தட்டை அவள் முன்னால் வைத்தார். வலது கையால்தான். அவள் கவனித்துவிட்டதை அவரும் கவனித்தார். "இனிமே எல்லாரும் இதையேதான் பாப்பீங்க" என்றார்.

பலகைக்கு எதிரே இதற்குள் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள்.

"அகா, அந்தக் கொழுப்புத் துண்டு எனக்கு."

"எனக்கு எலும்பு இல்லாம. அது இல்ல, அதுக்குப் பின்னால இருக்கறது."

"அவனுக்குப் பெரிசா வெட்டுனீங்க. நான் பாத்துட்டேன்."

"பாத்தியாம்மா நீ செஞ்ச வேலைய?" என்றார் ஹிக்மத் அகா, கத்தியை எடுத்துக்கொண்டே. "சுவரு இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை பேசினதில்ல."

மவ்ஜூதா வாய் நிறையப் புலாவை வைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.