அச்சங்குளம் பஞ்சம்மாள்

நுரையீரலில் புற்றுநோய் என்று மதுரை டாக்டர் சொன்ன நாளிலிருந்து சிவகாசியில் எங்கள் வீட்டுக்கு வந்துபோனவர்களை வைத்து ஒரு மருத்துவக் கல்லூரியே நடத்தலாம். ஒருத்தர் சீத்தா இலை என்றார், இன்னொருத்தர் கோமியம் என்றார், மூன்றாவது ஆள் போனை நீட்டி வீடியோவைப் பார் என்றார். "பீடி குடிச்சவுகளுக்குத்தான வரும், ஒனக்கு எப்படி?" என்று என் வாயை மோந்து பார்க்காத குறையாகக் கேட்டுவிட்டு, காப்பியையும் குடித்துவிட்டுப் போனவர்கள் உண்டு. நாற்பத்தாறு வயதில் நான் இழுத்தது, என் வீட்டுக்காரர் தங்கப்பாண்டியன் விருதுநகருக்கு லோடு அடிக்கும் மிளகாய் வத்தல் மூட்டையின் நெடி மட்டும்தான். ஆறு மாத இருமலுக்கு அதன் மேலேயே பழியைப் போட்டு டானிக் குடித்துக்கொண்டிருந்தேன். அந்த வகையில் நானும் ஒரு கூமுட்டைதான்.

டாக்டர் அதிகம் பேசவில்லை. சதையை எடுத்துப் பரிசோதித்ததில், என் நோய் வகைக்கு ஒரு மாத்திரை கேட்கும் என்று தெரிந்ததாம். செவ்வாய்க்கிழமை வந்து ஆரம்பிக்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார்.

"முழுசாக் கொணமாயிருமா சார்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"நோயைப் பிடிச்சு வைக்கும். எத்தனை காலத்துக்குன்னு எனக்குத் தெரியாது. சில பேருக்கு வருஷக்கணக்கா வேலை செய்யுது."

திரும்பி வரும்போது, பஸ் விருதுநகர் தாண்டியதும் இவர் ஆரம்பித்தார். "இம்புட்டுப் படிச்சிட்டுத் தெரியாதுங்கிறாரு. தெரியாதவருகிட்ட எதுக்குப் போகணும்?" என்றார். அந்த ஆஸ்பத்திரியிலேயே உண்மை பேசியது அவர் ஒருத்தர்தான் என்று சொல்ல நினைத்தேன். இருமல் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சாத்தூரிலிருந்து நாத்தனார் பேச்சியம்மாள் ஒரு டப்பாவோடு வந்து இறங்கினாள். 'உயிர்க்காவல் சூரணம்.' ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், தேனில் குழைத்துத் தின்ன வேண்டும். அதுவரை இங்கிலீஷ் மருந்து வாயில் படவே கூடாது. டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த நோட்டீஸை விரித்துக் கோயில் பிரசாதம் மாதிரி என் மடியில் வைத்தாள். 'நூறு சதவீதம் குணம்' என்று சிவப்பில் கொட்டை எழுத்து.

அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கொட்டை எழுத்தைப் போட்டதே நான்தான். மணிகண்டராஜ் முதலாளியின் அச்சகத்தில் பதினெட்டு வருஷமாக டைப் அடிக்கிறேன். பட்டாசு லேபிள், காலண்டர், கல்யாணப் பத்திரிகை, எது வந்தாலும் என் கை வழியாகத்தான் போகும். நாலு வருஷத்துக்கு முன்னால் இந்த நோட்டீஸின் கீழ்மூலை காலியாகக் கிடந்தது. "ஏம்மா, மூலை மொட்டையா இருக்கு. கொணமானவங்க சொன்ன மாதிரி ஏதாச்சும் போட்டு நெரப்பு" என்றார் முதலாளி. டீ ஆறுவதற்குள் நெரப்பினேன். வாசலில் அச்சங்குளம் பஸ் போனது, ஊர் கிடைத்தது. ஐம்பது வயது என்று போட்டால் பொய் மாதிரி தெரியுமே என்று ஐம்பத்திரண்டு போட்டேன்.

'அச்சங்குளம் பஞ்சம்மாள் (52): டாக்டர்கள் கைவிட்ட என் நுரையீரல் புற்றுநோய் மூன்றே மாதத்தில் மறைந்தது. இப்போது பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறேன்.'

வேலைக்கு வேறு அனுப்பியிருக்கிறேன், மகராசியை!

"மதினி, இத எழுதுனதே நாந்தேன்" என்றேன்.

"அடிச்சது நீயா இருக்கும். சொன்னது அவதான?"

"அவன்னு ஒருத்தியே கெடையாது மதினி."

"ஆளில்லாமயா ஊரு, வயசெல்லாம் போட்டிருக்கு? அம்பத்திரெண்டுன்னு கரெக்டாப் போட்டிருக்கே!"

கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடியும் என்பார்கள். இங்கே வடித்தவளே வடியவில்லை என்று கத்தினாலும் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார்களே! முதலாளிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். பஞ்சம்மாள் நாம் சும்மா போட்ட பெயர் என்று என் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன்.

"ஏம்மா, வருஷா வருஷம் ஆர்டர் குடுக்கிற பார்ட்டி. அதப்பத்தி நான் என்னத்தச் சொல்ல? நீ ஒடம்பப் பாத்துக்க." போனை வைத்துவிட்டார். பதினெட்டு வருஷ வேலைக்கு அம்புட்டுதான் மரியாதை.

"பாத்தியா? அவரு இல்லைன்னு சொல்லலியே" என்றார் என் வீட்டுக்காரர்.

செவ்வாய்க்கிழமை விடிந்தது. சூரணத்தைத் தேனில் குழைத்துக்கொண்டு இவர் முன்னால் வந்து நின்றார். "ஒரு மண்டலந்தான லெச்சுமி. மாத்திரை எங்க ஓடிப்போகுது?" கண்ணில் தண்ணீர். பயந்த மனுஷனுக்கு நூறு சதவீதம் வேண்டியிருக்கிறது, அதை விற்க ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள், அச்சடித்துக் கொடுக்க நான் இருந்திருக்கிறேன். ஆத்திரம் தாங்கவில்லை எனக்கு. டப்பாவை எடுத்து வாசல் சாக்கடையில் கவிழ்த்தேன். "நான் மதுரைக்குப் போறேன். வந்தா வாங்க, வராட்டிப் போங்க" என்று நடந்தேன். பஸ் கிளம்பும்போது என் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறினார்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் என் பக்கத்தில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தாள். பெயர் பாலம்மாள், சாத்தூர்ப் பக்கம், துணைக்கு யாரும் இல்லை. நாலு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்கினாள்.

"எனக்கும் மாத்திரைதான் சொன்னாக தாயி. நான் மூணு மாசம் சூரணம் தின்னு பாத்தேன். இப்பம் நெஞ்சுல தண்ணி கோத்திருக்காம்." பாலித்தீன் பையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து விரித்தாள். மடித்து மடித்து நாலாகக் கிழிந்திருந்தது. "இவளுக்குக் கேட்டிருக்கு பாரு. எனக்குத்தான் கேக்கல. எம் பத்தியத்துல ஏதோ கொறை."

எட்டிப் பார்த்தால், கீழ்மூலையில் என் பஞ்சம்மாள், ஐம்பத்திரண்டு வயது.

"அவ என்ன பத்தியம் இருந்தான்னு கேக்க அச்சங்குளத்துக்கே போனேன் தாயி. வெயில்ல வீடு வீடா அலைஞ்சேன். மூணு பஞ்சம்மா இருக்காளுக. மூணு பேரும் நான் இல்லைன்னுட்டாளுக."

"அக்கா, ஒங்க பத்தியத்துல ஒரு கொறையும் இல்ல. அத எழுதுனது நாந்தேன். எடம் காலியா இருந்துச்சுன்னு எழுதுனேன்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக ஒருத்தரும் நம்பாததை அவள் ஒரு வார்த்தையில் நம்பிவிட்டாள்.

"அப்ப, அவ பொழைக்கவே இல்லியா?"

"பொறக்கவே இல்லக்கா."

நோட்டீஸை மறுபடியும் நாலாக மடித்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீயாச்சும் பொழைச்சிருவியா தாயி?"

வாய்க்குள் அந்தச் சிவப்புக் கொட்டை எழுத்து வந்து நின்றது. பதினெட்டு வருஷப் பழக்கம், சும்மா விடுமா? முழுங்கினேன்.

"தெரியலக்கா" என்றேன்.

நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டாள். இவர் எழுந்தார். என் ஃபைலை எடுத்துக்கொண்டு, பாலம்மாள் முன்னால் போய் இன்னொரு கையை நீட்டினார்.

"ஒங்க சீட்டையும் குடுங்கக்கா. இப்பவும் அந்த மாத்திரை கேக்குமான்னு டாக்டருகிட்டக் கேப்போம். அவருக்குத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிருவாரு."